ஜூலிக்கு யாரு?

ஆயாவின் காதில் கம்மல் இல்லை என்பதை நான் கவனித்தது 2022-இல், ஒரு திங்கட்கிழமை காலை. சென்னை ஓட்டேரியில் எங்கள் தெரு முனையில் ஆயா இட்லிக் கடை வைத்திருக்கிறார். அன்று பார்சல் வாங்கப் போனபோது கம்மல் இருந்த ஓட்டையில் ஈர்க்குச்சி செருகியிருந்தார். "எங்க ஆயா கம்மல்?" என்றேன். சட்னியை ஊற்றிக்கொண்டே, "சேட்டு கடையில கீது கண்ணு. ஜூலிக்கு ஆபரேசன் பண்ணணுமாம்" என்றார்.

ஜூலி ஆயாவின் நாய். செம்மண் நிறத்தில் சாதாரண நாட்டு நாய். ஆயாவின் வீட்டுக்காரர் இறந்த வருடம் குட்டியாக வந்தது. அன்று கடைப் பெஞ்சுக்கு அடியில் வயிறு உப்பிப்போய்ப் படுத்திருந்தது. பத்து நாளாகக் குண்டான் குண்டானாகத் தண்ணீர் குடித்திருக்கிறது. வெயிலுக்குக் குடிக்கிறது என்று ஆயா நினைத்துவிட்டார். பிறகு வாந்தி, சோறு இறங்கவில்லை. பக்கத்தில் ஒரு கிளினிக்கில் காட்டியபோது கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கிறது, இரண்டு நாளில் எடுக்க வேண்டும், 22,000 ரூபாய் ஆகும் என்று சொல்லியிருக்கிறார்கள். அரை சவரன் கம்மலை அடகு வைத்ததில் கிடைத்தது 14,000. மீதி 8,000-க்கு ஆயா ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வந்த முதியோர் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய்.

"வேப்பேரிக்கு ஏன் ஆயா போகல?" என்று கேட்டேன். எங்கள் வீட்டிலிருந்து புரசைவாக்கம் தாண்டினால் வேப்பேரி. 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. கல்லூரியோடு சேர்ந்த ஆஸ்பத்திரியில் கட்டணம் வெளியில் வாங்குவதைவிட மிகக் குறைவு என்பது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆயாவுக்கும் தெரிந்திருந்தது. ஒருமுறை தனியாகப் போயும் இருக்கிறார். போர்டைப் படிக்கத் தெரியாமல் வேறு ஏதோ வரிசையில் நின்றிருக்கிறார். பெரிய நாய்களைக் கண்டு ஜூலி மிரண்டு இழுத்ததில் கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். திரும்பும்போது நாயோடு ஏற்ற மாட்டேன் என்று மூன்று ஆட்டோக்காரர்கள் சொல்ல, நடந்தே வீட்டுக்கு வந்திருக்கிறார். "அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல கண்ணு" என்றார்.

இதைக் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. பணம் குறைவு என்பது உண்மை. ஆனால் கூட ஒரு ஆள் இருந்திருந்தால் ஆயா கம்மலைக் கழற்றியிருக்கவே வேண்டியதில்லை.

அடுத்த நாள் ஆபீசில் பெர்மிஷன் போட்டேன். தெருவில் ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் முதல் நாள் இரவே பேசிவைத்தோம். சீட்டில் விரிக்கப் பழைய போர்வை, சிறுநீர் கழித்தால் துடைக்கத் துணி, வாயைக் கட்டப் பழைய துப்பட்டாவில் கிழித்த ஒரு நீள நாடா. ரத்தப் பரிசோதனையோ மயக்க மருந்தோ இருக்கும் என்று நினைத்து காலையில் சோறு வைக்கவில்லை. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கிவிட்டோம். ஆயாவின் வேலை ஜூலியைப் பிடித்துக்கொள்வது மட்டும். வரிசையில் நிற்பதும், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் அலைவதும், டாக்டர் சொல்வதைக் குறித்துக்கொள்வதும் என் வேலை. அங்கே மாணவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள், அப்புறம் பேராசிரியர் வருவார். ஒரே கேள்வியை மூன்று பேர் கேட்பார்கள். எப்போது சூட்டுக்கு வந்தது, எவ்வளவு நாளாகத் தண்ணீர் அதிகம் குடிக்கிறது, என்ன மருந்து கொடுத்தீர்கள். ஆயா பதற்றத்தில் மூன்று பேரிடமும் வேறு வேறு பதில் சொன்னார். அதனால் இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே ஒரு துண்டுத் தாளில் தேதியோடு எழுதிக்கொண்டு போகிறேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வெளியே எழுதிக்கொடுத்த மருந்து, டிரிப், அடுத்தடுத்த நாட்கள் கட்டு மாற்றப் போன ஆட்டோ எல்லாம் சேர்த்து 5,000 ரூபாய்க்குள் அடங்கியது. ஒவ்வொரு பிராணிக்கும் இதே செலவுதான் ஆகும் என்று நான் சொல்லவில்லை, எங்களுக்கு ஆனது இது. மீதிப் பணத்தை அந்த வாரமே சேட்டு கடையில் கட்டி வட்டியைக் குறைத்தோம். பொங்கலுக்கு முன் கம்மல் திரும்பி வந்தது.

டாக்டர் சொன்ன ஒன்று என்னை இன்னும் உறுத்துகிறது. கருத்தடை ஆபரேஷன் சின்ன வயதிலேயே செய்திருந்தால் இந்த நோயே வந்திருக்காது. கர்ப்பப்பை இருக்கும் பெண் நாய்களுக்கு, சூட்டுக்கு வந்து போன சில வாரங்களில் இது வரலாம், வயதாக ஆக அதிகம் வரும். வயதானவர் யாராவது பெண் நாய் வளர்த்தால், முதலில் கேட்க வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன். கருத்தடைக்கு வேப்பேரி இருக்கிறது. 1959-இல் தொடங்கப்பட்டு கிண்டியில் இயங்கும் புளூ கிராஸ் இருக்கிறது. கூட்டிக்கொண்டு போக ஆள் இருந்தால் போதும்.

ஜூலி விஷயம் தெருவில் பரவியதும் இன்னொருவர் வந்தார். பிரஸ் தாத்தா என்று கூப்பிடுவோம். அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர், தனியாக இருக்கிறார், இரண்டு பூனைகள். அவர் வந்ததைப் பற்றி எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும்.

பெரிய பூனைக்கு உடம்பு சுட்டிருக்கிறது. டாக்டரிடம் போனால் ஐந்நூறு ஆயிரம் ஆகுமே என்று, தனக்கு வாங்கி வைத்திருந்த பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைப் பாலில் கரைத்துக் கொடுத்துவிட்டார். பேரப் பிள்ளைகளுக்கு அவர்கள் சின்ன வயதில் கொடுத்த மருந்துதானே என்ற எண்ணம். பூனையின் ஈரலால் அந்த மருந்தை உடைத்து வெளியேற்ற முடியாது. பாதி மாத்திரையே உயிரை எடுத்துவிடும். அவர் என் வீட்டுக் கதவைத் தட்டியபோது பூனையின் முகம் வீங்கியிருந்தது, ஈறு பழுப்பு நிறமாகியிருந்தது, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் ஏற்றினோம். புரசைவாக்கம் தாண்டுவதற்குள் என் மடியில் அடங்கிவிட்டது. தாத்தா அழவில்லை. "நானே கொன்னுட்டேம்மா" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அப்புறம் இரண்டு மாதம் யாரிடமும் பேசவில்லை.

அவர் கொடுத்தது அலட்சியத்தால் இல்லை. கேட்கக் கூச்சம். பணம் இல்லை என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். அந்தக் கூச்சம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் நான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்: மனிதருக்கான வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எதையும் பூனைக்கோ நாய்க்கோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபன் நாய்க்கு வயிற்றில் புண்ணையும் சிறுநீரகக் கோளாறையும் உண்டாக்கும். அதே சமயம், டாக்டரே மனிதருக்கான மருந்தை எழுதித் தரும் நேரமும் உண்டு. ஜூலிக்கு உண்ணிக் காய்ச்சல் வந்தபோது எழுதியது டாக்ஸிசைக்ளின். சீட்டைக் கொண்டுபோய் ஜெனரிக் மருந்துக் கடையில் வாங்கினால் விலை நன்றாகக் குறைகிறது. மக்கள் மருந்தகம் முன்பே இருந்தது, 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகமும் வந்திருக்கிறது. அளவு மட்டும் டாக்டர் எழுதியதுதான், நம் கணக்கு இல்லை.

தாத்தாவிடம் இருந்த சின்னப் பூனைக்கு வேறு பிரச்சினை. பாலும் பிஸ்கட்டும் தயிர்ச்சாதமும்தான் சாப்பாடு. பூனை முழுக்க முழுக்க மாமிசம் தின்னும் பிராணி. டாரின் என்ற சத்து மீன், இறைச்சியிலிருந்துதான் அதற்குக் கிடைக்கும். அது இல்லாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும். டின் உணவு வாங்க வசதி இல்லை. சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டுக்குப் போகும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்தோம். அவர் வாரத்தில் இரண்டு நாள் மீன் தலையும் விலை குறைந்த சின்ன மீனும் வாங்கி வருகிறார். உப்பு, மிளகாய் போடாமல் வேகவைத்து, முள் எடுத்துப் பிசைந்து வைக்க வேண்டும். பச்சையாகக் கொடுக்கக் கூடாது. சில மீன்களில் இருக்கும் ஒரு பொருள் பி1 வைட்டமினை அழித்துவிடும், வேகவைத்தால் அந்த ஆபத்து இல்லை.

ஆயா விஷயத்தில் சாப்பாடு நேர் எதிர். கோழிக்கடையில் ஈரலும் கழுத்தும் வாங்கி, ரேஷன் அரிசியோடு வேகவைத்து ஜூலிக்கு வைப்பார். தான் ரசம் சோறு. டாக்டர் ஆயாவுக்கு எழுதிய முட்டையும் ஜூலிக்குத்தான் போனது. நாய் வளர்க்கும் முதியவர் வீட்டுக்குப் போனால், நாய் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு, அவர் தட்டையும் பாருங்கள். தன் சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு மிச்சம் பிடிப்பவர்களை நான் பார்த்துவிட்டேன்.

பிரஸ் தாத்தாவின் பூனை இறந்த பிறகுதான் நாங்கள் ஆறு வீட்டுக்காரர்கள் சேர்ந்து மாதம் 100 ரூபாய் போட ஆரம்பித்தோம். சீட்டு மாதிரிதான், ஆனால் ஏலம் கிடையாது. ஒரு டிபன் பாக்ஸ், ஒரு நாற்பது பக்க நோட்டு. ஆயாவும் போடுகிறார், மாதம் 30 ரூபாய். அவரிடம் வாங்க வேண்டாம் என்று முதலில் நான் சொன்னேன், அது தப்பு. அவர் பணமும் அதில் இருப்பதால்தான் தேவைப்படும்போது கேட்கிறார். யார் கையிலும் ரொக்கமாகக் கொடுப்பதில்லை, மருந்துக் கடையிலோ ஆஸ்பத்திரியிலோ நேராகக் கட்டிவிடுகிறோம். இது நம்பிக்கை இல்லாமல் செய்வது இல்லை. கையில் ரொக்கம் வந்தால் பேத்தி பீஸ், கேஸ் சிலிண்டர் என்று முதலில் வேறெங்கோ போய்விடும், அவர்களால் தடுக்க முடியாது.

செலவே இல்லாத உதவிகளும் இருக்கின்றன. மாநகராட்சியின் செல்லப் பிராணிகள் சிகிச்சை மையம் எங்களுக்குப் பக்கத்தில் திரு.வி.க. நகரில் இருக்கிறது, நுங்கம்பாக்கத்திலும் இருக்கிறது. வெறிநாய்த் தடுப்பூசி அங்கே போட்டுக்கொள்ளலாம். ஜூலை 6, செப்டம்பர் 28 தேதிகளை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளிலும் இலவச முகாம் நடக்கும். முதலாவது விலங்குவழி நோய்கள் தினம், இரண்டாவது உலக வெறிநோய் தினம். காலண்டரில் வட்டம் போட்டு வைத்துக்கொள்வது நல்லது.

செல்லப் பிராணி வளர்ப்பதற்கான உரிமம் விஷயத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். மாநகராட்சி உரிமத்துக்குக் கட்டணம் 50 ரூபாய்தான். ஆனால் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும், தடுப்பூசிச் சான்று, முகவரிச் சான்று, போட்டோ எல்லாம் ஏற்ற வேண்டும். ஆயாவிடம் பட்டன் போன்தான். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025-இல் மாநகராட்சி முடிவெடுத்தது. உதவித்தொகை 2023-இல் 1,200 ஆனது, அந்தக் கணக்கில் பார்த்தாலும் அபராதம் நாலு மாதப் பணத்துக்கு மேல். ஆயாவுக்கும் தாத்தாவுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் ஒரே ஞாயிற்றுக்கிழமை மதியம் என் போனில் உட்கார்ந்து போட்டுக்கொடுத்தேன். அதற்கு ஆனது இரண்டு மணி நேரம்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்குத் தொல்லை வேறு விதம். எனக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த டீச்சர் கீழ்ப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். பாமரேனியனுக்குப் பதின்மூன்று வயது, படி இறங்காது. லிஃப்டில் நாய் ஏறக் கூடாது என்று சங்கம் நோட்டீஸ் ஒட்டியது. டீச்சர் எழுபத்தொரு வயதில் நாயைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், பெரும்பான்மை ஓட்டு வாங்கினாலும் குடியிருப்புச் சங்கம் செல்லப் பிராணியைத் தடை செய்ய முடியாது, லிஃப்டில் ஏற்ற மறுக்கவும் தனிக் காசு கேட்கவும் கூடாது என்று இருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் தலைமையில் 1962-இல் தொடங்கி, பல பத்தாண்டுகள் இதே சென்னையில் இயங்கிய வாரியம் அது. அச்செடுத்துக் கொண்டுபோனோம். சண்டை போடவில்லை. லிஃப்டில் ஒருமுறை அசுத்தம் ஆனது உண்மைதான் என்று டீச்சரே ஒப்புக்கொண்டு, இனி கையில் பழைய பேப்பரும் கவரும் இல்லாமல் ஏற்ற மாட்டேன் என்றார். நோட்டீஸ் போய்விட்டது. வாடகை வீட்டில் இது அவ்வளவு சுலபம் இல்லை. அங்கே ஒப்பந்தம் போடும்போதே நாய் இருப்பதைச் சொல்லி எழுதி வாங்கிவிட வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஆயாவை மேலே எங்கள் வீட்டுக்கு வரச் சொன்னால், "ஜூலியோட இங்கியே இருந்துக்கிறேன்" என்றார். கட்டில் மேல் ஸ்டூல், ஸ்டூல் மேல் ஆயா, மடியில் ஜூலி. ஜூலியும் வரலாம் என்று சொல்லத் தோன்றாதது எங்கள் தவறு. சொன்ன அடுத்த நிமிடம் கிளம்பிவிட்டார். அந்தத் தண்ணீரில் ஜூலியின் மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஊறிப்போயின. இப்போது தடுப்பூசி அட்டை, உரிமம், ஆயாவின் ரேஷன் கார்டு, மூன்றும் ஒரே பிளாஸ்டிக் கவரில் ஆணியில் தொங்குகின்றன. கழுத்துப் பட்டையும் கயிறும் அதே ஆணியில்.

அடுத்த வருடம்தான் ஆயாவின் கண் விஷயம் தெரிந்தது. இரண்டு கண்ணிலும் புரை. எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்து, இரண்டு தடவை போகாமல் விட்டிருக்கிறார். மகன் போனில் கத்தினார். சொந்தக்காரர்கள், "இந்த வயசுல நாய் எதுக்கு, எங்கியாவது விட்டுடு" என்றார்கள். இதை நான் நிறைய வீடுகளில் கேட்கிறேன். பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஆயா தினமும் காலையும் மாலையும் நடப்பது ஜூலியால். இரவில் கதவைத் திறந்து யாரோடாவது பேசுவது ஜூலியால். நாயை விட்டுவிடு என்று சொல்வதற்கு முன்னால், என்ன தடை என்று ஒரு வார்த்தை கேட்கலாம். நான் கேட்டேன். ஆயா சொன்னது இரண்டே வார்த்தை. "ஜூலிக்கு யாரு?"

நாலு வீட்டுக்காரர்கள் முறை போட்டோம். காலை நடை ஒரு வீடு, சாப்பாடு ஒரு வீடு, மாலை நடை ஒரு வீடு, இரவு படுக்கை ஆட்டோ அண்ணன் வீடு. ஆயா இரண்டு இரவு ஆஸ்பத்திரியில் இருந்தார். திரும்பி வந்த பிறகும் ஒரு மாதம் எச்சரிக்கையாக இருந்தோம், ஏனென்றால் நாய் பாய்ந்து முகத்தை நக்கினால் ஆபரேஷன் செய்த கண்ணுக்கு ஆபத்து. குனிந்து தட்டு வைக்கவும் கூடாது. கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஜூலி, இந்தப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு ஆயா, இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

கண் தெரிந்ததும் ஆயா கேட்ட அடுத்த கேள்வி, தனக்குப் பின்னால் என்ன என்பது. அதைத் தள்ளிப்போடக் கூடாது என்று எனக்கும் தோன்றியது. முதியோர் இல்லங்களில் நாயைச் சேர்க்க மாட்டார்கள், காப்பகங்களில் ஏற்கெனவே இடம் இல்லை. ஆட்டோ அண்ணனின் மகள் கல்லூரியில் படிக்கிறாள், ஜூலி என்றால் உயிர். நான் பார்த்துக்கிறேன் ஆயா என்றாள். வாய் வார்த்தையாக விடாமல் ஒரு தாளில் எழுதினோம். என்ன சாப்பிடும், என்ன மருந்து ஒத்துக்கொள்ளாது, இடிச் சத்தத்துக்கு எங்கே போய் ஒளியும், டிபன் பாக்ஸ் பணத்தில் அதன் பங்கு யாருக்குப் போக வேண்டும் என்று எல்லாம். ஆயா கைநாட்டு வைத்தார்.

தாள் மட்டும் போதாது, நாய்க்கும் பழக வேண்டுமே. மாதத்தில் ஒரு இரவு ஜூலி அந்த வீட்டில் படுக்கிறது. முதல் தடவை விடாமல் ஊளையிட்டது. பத்து மணிக்கு ஆயாவே போய்க் கூட்டிவந்துவிட்டார். இரண்டாவது தடவை கதவோரம் உட்கார்ந்தே விடிய வைத்தது. போன மாதம் மூன்றாவது தடவை. காலையில் நானும் ஆயாவும் கூப்பிடப் போனோம். ஜூலி அந்தப் பெண்ணின் கட்டிலுக்கு அடியில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. நான் பேர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தேன். "எழுப்பாத கண்ணு" என்று சொல்லிவிட்டு ஆயா வாசல் படியில் உட்கார்ந்துகொண்டார்.